கலரிக்குக் கீழே ஒரு தேத்தண்ணிக் கடை

எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்குப் புதிய விளையாட்டரங்கு கட்டப்போகிறார்கள் என்ற செய்தி முதன்முதலாக வந்தபோது என் தலை முழுக்கக் கறுப்பு மயிர் இருந்தது. இப்போது முடி வெட்டுபவர் என்னைக் கதிரையில் உட்கார வைப்பதே மரியாதைக்காகத்தான். அரங்கு இன்னும் வரவில்லை. காத்திருப்பவர்களும் குறையவில்லை. இறந்தவர்களின் பிள்ளைகள் வந்து அதே மதிலில் சாய்ந்துகொண்டு அதே கேள்வியைக் கேட்கிறார்கள்.

கண்டியிலிருந்து புசல்லாவைக்கு ஏறும் பஸ்கள் மூச்சு வாங்குவதற்காக நிற்கும் சிறு நகரம் எங்களுடையது. வெள்ளைக்காரத் துரைமார் தாங்கள் விளையாடுவதற்காக மலையைச் செதுக்கி ஒரு மைதானம் எடுத்திருந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அவர்கள் போனார்கள், மைதானத்தை விட்டுவிட்டுப் போனார்கள். ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் ஓயா என்று நாங்கள் சொல்லும் ஆறு. பந்து ஓயாவில் விழுந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் கரையோரமாக ஓடுவார்கள். எங்கள் அணி அன்றைக்கு மிக வேகமாக ஓடுவது அப்போதுதான்.

எங்கள் ரசிகர்கள் எதிரணியைத் திட்டி நான் அதிகம் கேட்டதில்லை. சொந்த அணியைத் திட்டி முடிப்பதற்கே ஆட்ட நேரம் போதாது. கோல் காப்பாளரின் தாயைப் பற்றி, முன்கள ஆட்டக்காரரின் முழங்காலைப் பற்றி, மத்தியஸ்தரின் மனைவியைப் பற்றி என்று ஆளாளுக்குப் பங்கு பிரித்துக்கொண்டு திட்டுவார்கள். ஆட்டம் முடிந்ததும் அதே கோல் காப்பாளரைத் தோளில் கை போட்டுத் தேத்தண்ணி குடிக்கக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவரும் போவார். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். கண்டிக் கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் வாரம் முழுவதும் மரியாதையாகப் பேசிப் பேசி நாக்கு மரத்துப்போனவனுக்கு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு மருந்து.

தேத்தண்ணிக் கடை கலரிக்குக் கீழே இருந்தது. கலரி என்றால் பார்வையாளர் உட்காரும் சீமெந்துப் படிகள், மேலே பாதிக்குத் தகரக் கூரை, மீதிப் பாதிக்கு வானம். படிகளுக்கு அடியில் இருந்த பொந்து போன்ற அறைகளில் ஒன்றில் கோல் வலைகளும் செத்த எலிகளும் இருக்கும். கோடியில் இருந்த அறையில் அக்கா இருந்தார். மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டவரின் மனைவி. கணவர் காய்ச்சலில் போன பிறகு, பிரதேச சபை அந்த அறையில் கடை வைத்துக்கொள்ள அவருக்கு அனுமதி கொடுத்தது. புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே தொழிலாளர் லயத்தில் இருந்த அறையைத் தம்பி குடும்பத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வந்துவிட்டார். ஆகவே இந்தப் பொந்துதான் அவருக்குக் கடை, வீடு, உலகத்தில் உட்காருவதற்கு இருந்த ஒரே இடம். அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. "இத விட்டா ஓயாதான்" என்று வடையைத் திருப்பிக்கொண்டே சாதாரணமாகச் சொல்வார்.

அரங்குச் செய்தியைக் கொண்டுவந்தவர் கழகத்தின் செயலாளர். பேக்கரி வைத்திருந்ததால் ஊரே அவரை முதலாளி என்று அழைத்தது. இதில் அவர் காசு பார்த்தார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவரிடம் இருந்தது அதைவிட மோசமான வியாதி. அவர் கழகத்தை உண்மையாகவே நேசித்தார். தேர்தலில் வென்ற பிரமுகர் ஒருவர் மேடையில் வாக்குறுதி கொடுத்தார். ஆச்சரியம் என்னவென்றால், அது கோப்பாகவும் மாறியது.

இந்த இடத்தில் நடைமுறையைச் சொல்லாவிட்டால் மீதிக் கதை விளங்காது. அரசாங்கத்தில் கட்டடம் கட்டுவதற்கு இரண்டு வழி. ஒன்று புதிய நிர்மாணம். அதற்குக் காணி, நீர்ப்பாசனம், மண்சரிவு என்று ஒவ்வொரு திணைக்களமும் சம்மதிக்க வேண்டும். அந்தக் கோப்பைத் தொடங்குகிற எழுதுவினைஞர் ஓய்வு பெற்று, அவருடைய பேரன் வேலைக்குச் சேர்ந்தாலும் அது முடியாது. மற்றது புனரமைப்பு. ஏற்கெனவே இருக்கிற கட்டடத்தைத் திருத்தி விரிவாக்குவது. அதற்கு டீஓ என்று நாங்கள் சொல்லும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் வந்து, இருப்பதை அளந்து, மதிப்பீடு போட்டால் போதும். புத்தியுள்ள யாரோ ஒருவர் எங்கள் கோப்பை இரண்டாவது வழியில் அனுப்பியிருந்தார். எங்கள் உடைந்த கலரி காகிதத்தில் 'தற்போதுள்ள பார்வையாளர் அரங்கு' ஆகியிருந்தது. அதைத் திருத்துகிறோம் என்ற பெயரில்தான் புதியது எழும்ப வேண்டும்.

நான் முதலாளியின் பேக்கரிக்கே போய் இதை விளக்கினேன். அளந்து முடியும்வரை கலரியில் ஓர் ஓட்டையைக்கூட அடைக்க வேண்டாம் என்றேன். அவர் எனக்கு மீன் வைத்த மாலுபாண் ஒன்று தந்து, "சேர், நீங்க பழைய ஆள்" என்றார். அப்போது எனக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

உத்தியோகத்தர் மைதானத்தைப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. பெண் பார்க்க ஆள் வருகிறது என்றால் நம்மவர்கள் என்ன செய்வார்கள்? வீட்டைக் கழுவி, கிழிந்த பாயை ஒளித்து வைப்பார்கள். முதலாளியும் அதைத்தான் செய்யப் பார்த்தார். இந்தக் கேவலமான கலரியைக் காட்டினால் ஊருக்கு மரியாதை இல்லை, ஊரார் கூலியில்லாமல் கூடிச் செய்யும் சிரமதானம் வைத்து உடைத்துத் துப்புரவாக்கிவிடுவோம், வருகிறவர் வெறும் நிலத்தைப் பார்த்ததும் உடனே அத்திவாரம் வெட்டச் சொல்லிவிடுவார் என்று நிர்வாகக் குழுவில் பேசினார். கை தட்டினார்கள். சம்பளத்துக்குக் கூப்பிட்டால் வராத ஆட்களெல்லாம் சிரமதானம் என்றால் இரும்பு அலவாங்கோடு வருவார்கள். அது எங்கள் நாட்டின் பண்பாடு.

அக்காவைச் சம்மதிக்க வைக்கக் குழுவாகப் போனார்கள். நான் அங்கே பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பக்கத்தில் நானா இருந்தார். அக்குறணையிலிருந்து வந்து எங்கள் ஊரில் இரும்புக்கடை வைத்தவர், ஒரு காலத்தில் கழகத்தின் கோல் காப்பாளர். ஊர் முழுவதும் தன்னைத் திட்டிய காலத்தைப் பெருமையாக நினைவு வைத்திருந்தவர்.

"அக்கா, புது ஸ்டேடியத்துல உங்களுக்குத்தான் கன்டீன்" என்றார் முதலாளி. "கண்ணாடி அலுமாரி, ஃபிரிஜ், ஃபேன், எல்லாம்."

"யாரு குடுப்பா?"

"கழகம் குடுக்கும்."

"கழகமா? போன மாசம் கிழிஞ்ச பந்த யாரு தைச்சுக் குடுத்தது? நானு. பந்து வாங்க வக்கில்லாத கழகம் எனக்கு ஃபேன் குடுக்குதாம்."

"அக்கா தைச்ச பந்து நேரா போகுது" என்றார் நானா. "எங்கட ஆக்கள்ட காலுதான் கோணல். அத தைக்க ஏலுமா அக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

அக்கா என் பக்கம் திரும்பினார். "சேர், நீங்க ஆபீஸ்காரரு. நெசத்த சொல்லுங்க. இத ஒடைச்சா எனக்கு எடம் இருக்குமா?"

"உங்களுக்குக் குடுத்திருக்கிற அனுமதி கலரிக்குக் கீழ இருக்கிற அறைக்கு" என்றேன். "கலரி இல்லன்னா அறை இல்ல. அறை இல்லன்னா நீங்க அங்க இருந்ததாவே கணக்கில்ல."

அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "அப்ப நான் எந்திரிக்க மாட்டேன்" என்றார். "நீங்க ஒடைக்கிறத ஒடைங்க. என் தலைக்கு மேல ஒடைக்கிறதா இருந்தா, நான் உள்ளதான் இருப்பேன்."

சிரமதானம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பாற்சோறு, மேளம், ஒலிபெருக்கி. கலரியை உடைப்பதில் எங்கள் ரசிகர்கள் காட்டிய ஒற்றுமையை அணி ஒரு நாளாவது மைதானத்தில் காட்டியிருந்தால் நாங்கள் எங்கேயோ போயிருப்போம். மத்தியானத்துக்கு முன் முக்கால்வாசி தரையில் கிடந்தது. அக்கா உள்ளே அடுப்பை மூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் கோடியில் இருந்த துண்டு மட்டும் நின்றது. எட்டோ ஒன்பதோ படிகள், மேலே ஒரு தகரம், கீழே புகை. கிழவியின் வாயில் மிஞ்சிய ஒற்றைப் பல்லைப் போல இருந்தது. அன்று பின்னேரமே அதற்கு 'ஒத்தப் பல்லு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அடுத்த வாரத்திலிருந்து அக்காவுக்கும் அதுதான் பெயர்.

பிறகு நடந்ததை ஊர் விலக்கு என்று சொல்ல முடியாது, யாரும் தீர்மானம் போடவில்லை. முதலாளியின் பேக்கரியிலிருந்து பிளாஸ்கில் தேத்தண்ணி மைதானத்துக்கு வரத் தொடங்கியது, அவ்வளவுதான். அக்காவின் கடைக்கு முன்னால் நின்றே அதை ஊற்றிக் குடித்தார்கள். பந்து வெளியே போனால் தகரத்தில் படும்படி உதைத்துத் திருப்பினார்கள். அணி தோற்ற நாட்களில், அதாவது பெரும்பாலான நாட்களில், "ஒத்தப் பல்லப் புடுங்குனாத்தான் கோல் விழும்" என்று சொல்லிக்கொண்டே கடையைத் தாண்டிப் போனார்கள். நாங்கள் விளையாட்டரங்கு இல்லாததால் தோற்பதாகவும், அக்கா இருப்பதால் விளையாட்டரங்கு வராததாகவும் ஒரு தத்துவம் உருவாகியிருந்தது. அதில் பதினொரு ஆட்டக்காரர்களுக்கு எந்தப் பங்கும் இல்லை.

நானாவும் நானும் தொடர்ந்து அங்கேதான் குடித்தோம். வீரம் ஒன்றும் இல்லை. பேக்கரித் தேத்தண்ணி வாயில் வைக்க முடியாது.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவாறு வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த ஆள், ஒரு கையில் குடை, மறு கையில் அளவு நாடா. முதலாளி மாலை கொண்டுவந்திருந்தார். உத்தியோகத்தர் மாலையை வாங்காமல் சுற்றிப் பார்த்தார்.

"கலரி எங்கை?"

"நாங்களே ஒடைச்சுத் துப்புரவாக்கிட்டோம் சேர்" என்றார் முதலாளி, மார்பை நிமிர்த்தி. "உங்களுக்கு வேலை மிச்சம்."

"ஓம், நல்ல மிச்சம். நான் இப்ப எதை அளக்கிறது? காத்தையோ?"

முதலாளிக்கு விளங்கவில்லை. உத்தியோகத்தர் என்னைப் பார்த்தார். கச்சேரியில் பார்த்த முகம் என்பதால் என்னிடம் பேசுவதுபோல முதலாளிக்குச் சொன்னார். "திருத்த வேண்டிய கட்டிடம் இருந்தாத்தானே திருத்தலாம். இப்ப இது வெறும் காணி. வெறும் காணியெண்டா சபை என்னத்துக்கும் எடுக்கும்." நாடாவைச் சுருட்டப் போனவர் புகையைக் கண்டார். "அது என்ன?"

ஒற்றைப் பல்லிடம் போனார். மேலே ஏறிப் படிகளைத் தட்டிப் பார்த்தார், நீளம் அகலம் எடுத்தார், உள்ளே குனிந்து தூணையும் அளந்தார். அக்கா ஒன்றும் கேட்காமல் ஒரு பிளேன்டீயை நீட்டினார்.

"தப்பினியள்" என்றார் உத்தியோகத்தர், குடித்துக்கொண்டே முதலாளியிடம். "இதை இருக்கிற கட்டிடமெண்டு போடலாம். பழுதான பகுதியை அகற்றிப்போட்டு மிச்சத்தை வைச்சிருக்கினம் எண்டு எழுதுறன். இது நிக்கும் வரைக்கும் கோப்பும் நிக்கும். நான் திருப்பி ஒருக்கா வந்து பாப்பன். அதுவரைக்கும் இதிலை ஒருத்தரும் கை வையாதேங்கோ. இந்த மனுசி உங்களுக்குத் தெய்வம்."

அந்தக் கடைசி வசனத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அங்கே நின்றது முதலாளி, நான், அக்கா மூன்று பேர்தான். மற்றவர்கள் மரியாதைக்காகத் தூரத்தில் நின்றார்கள். அன்று மாலை குழுவுக்கு முதலாளி சொன்னது இது: உத்தியோகத்தருக்கு மிகவும் திருப்தி, அளவு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். எதை அளந்தார் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கலரியை உடைத்தது பிழை என்றும், அரங்கு முழுவதும் அந்தத் தேத்தண்ணிக்காரியின் பிடிவாதத்தில் தொங்குகிறது என்றும் அவரால் எப்படிச் சொல்ல முடியும்? நான் அடுத்த கூட்டத்துக்குப் போய்ச் சொன்னேன். "சேர் அக்காவோட கட்சி" என்று ஒருவர் சொன்னார். அதோடு என் விளக்கம் முடிந்தது.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில் நடந்தது. நாவலப்பிட்டியிலிருந்து வந்த அணியோடு. வென்றால் பிரிவில் இருப்போம், தோற்றால் கீழே போவோம். எங்கள் பின்கள ஆட்டக்காரர் ஒருவர் பந்தைத் தடுக்கப் போய் எங்கள் வலைக்குள்ளேயே போட்டார். அழகான கோல். அந்தப் பருவத்தில் எங்களவர் அடித்ததில் அதுதான் சிறந்தது. நாவலப்பிட்டிக்காரர்கள் லொறியில் ஏறிப் பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள்.

கூட்டம் கலையவில்லை. பிறகு யார் சொன்னது என்று தெரியவில்லை, எல்லோரும் ஒரே பக்கம் நடக்கத் தொடங்கினார்கள். சிரமதானத்துக்கு வாங்கிய அலவாங்குகள் வலை அறை போன பிறகு முதலாளியின் பேக்கரி வான் வண்டிக்குள்தான் கிடந்தன. வானைத் திறந்தார்கள்.

நான் ஓடிப்போய் அவர்களுக்கு முன்னால் நின்றேன். ஓய்வு பெற்றவர்கள் தாங்கள் சொல்லும் பழங்கதைகளில் இப்படி ஓடுவதுண்டு, ஆனால் இதை நான் உண்மையாகவே செய்தேன். "இத ஒடைச்சா ஸ்டேடியம் இல்ல!" என்று கத்தினேன். "டீஓ அளந்தது இதத்தான்! கோப்பு நிக்கிறது இதுலதான்! முதலாளிக்கிட்டக் கேளுங்க!"

அவர்கள் நின்றார்கள். அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும், உண்மையிலேயே நின்றார்கள். அலவாங்கு வைத்திருந்தவர் முதலாளியைத் திரும்பிப் பார்த்து, "அப்படியா முதலாளி?" என்றார்.

முதலாளியின் முகம் சிவந்திருந்தது. ஆட்டத்தில் அழுதிருந்தார் என்று நினைக்கிறேன். என்னைப் பார்த்தார், ஒற்றைப் பல்லைப் பார்த்தார், வாசலில் கரண்டியோடு நின்ற அக்காவைப் பார்த்தார்.

"அப்படி ஒண்ணும் சொல்லலியே" என்றார்.

"அடப்பாவி" என்றார் அக்கா. சத்தமாகக்கூட இல்லை. "என் கண்ணு முன்னாடி அந்த டீஓ சொன்னாரு. என் தேத்தண்ணிய குடிச்சுக்கிட்டு சொன்னாரு."

"ஒத்தப் பல்லு பேசுதுடோய்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. எந்த அலுவலகத்திலும், எந்தக் கூட்டத்திலும் அதுதான் விதி.

அவரை யாரும் தொடவில்லை. மிகவும் மரியாதையாக, "அக்கா, வெளிய வாங்க, தகரம் விழும்" என்றார்கள். நானா உள்ளே போய் அலுமாரியைத் தூக்கினார், நான் மறுபக்கம் பிடித்தேன். அக்கா கேத்தலையும் அடுப்பையும் எடுத்துக்கொண்டு வந்தார். எண்ணெய்ச் சட்டி சூடாக இருந்ததால் அதை உள்ளேயே விட்டார். முதல் படி அதன் மேல்தான் விழுந்தது.

"சரி, புடுங்கியாச்சு" என்றார் நானா, கூட்டத்தைப் பார்த்து. "இனி பொய்ப்பல்லு கட்ட யாருக்கிட்டப் போறீங்க?" அன்று அவர் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை.

உத்தியோகத்தர் சொன்னபடி திரும்பி வந்தார். குடையை விரிக்கக்கூட இல்லை. ஜீப்பிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். கோப்பு முறைப்படி மூடப்பட்டது. மைதானம் முறைப்படி வெறும் காணி ஆனது. வெறும் காணியைச் சபை முறைப்படி வாகனத் தரிப்பிடம் ஆக்கியது. அதில் ஒரு பிழையும் இல்லை. இதைவிட ஒழுங்காக நடந்த காரியம் ஒன்றை என் சேவைக் காலத்தில் நான் பார்த்ததில்லை.

அக்கா தரிப்பிடத்தின் ஒரு மூலையில் கடை போட இடம் கேட்டார். முன்பு எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார்கள். கலரிக்குக் கீழே என்றார். எந்தக் கலரி என்றார்கள். கழகம் ஒரு வார்த்தை சொன்னால் தருவதாகச் சொன்னதால் முதலாளியிடம் போனார். "கழகமே இப்ப இல்லியே அக்கா, நான் யாருன்னு சொல்றது?" என்றார் முதலாளி. கொஞ்ச காலம் அக்கா பஸ்களுக்குள் கூடையில் வடை விற்றார். நடத்துநர்கள் இறக்கிவிடுவார்கள்.

தரிப்பிடத்தில் பொதுக் கழிப்பறை ஒன்று கட்டினார்கள். அதைப் பராமரிக்கக் டெண்டர் கேள்விப்பத்திரம் கோரியும் ஒருவரும் வரவில்லை. ஒருவரும் வராதபோது சபை நேரடியாக ஆளை நியமிக்கலாம் என்பது எனக்குத் தெரியும். அக்காவிடம் சொன்னேன்.

"கக்கூசா சேர்?"

"பக்கத்துல ஒரு அறை இருக்கு. பூட்டிக்கிட்டுப் படுக்கலாம்."

அவர் வடைக் கூடையை இறக்கி வைத்தார். "படிச்ச ஆளுங்க எல்லாம் கடைசில ஒரு நல்ல எடமா பாத்துத்தான் குடுக்குறீங்க" என்றார். பிறகு, "எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார்.

இத்தனை வருடங்களாக அங்கேதான் இருக்கிறார். ரசிகர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். ஞாயிறு பின்னேரங்களில் மதிலில் சாய்ந்துகொண்டு, ஒரு வானுக்கு அடியைக் காட்டி "பெனால்டி ஸ்பொட் இங்கதான்" என்று சண்டை போடுகிறார்கள். தேர்தல் வந்தால் யாராவது ஒரு புதிய அரங்கின் படத்தோடு வருகிறார். படத்தில் புல் பச்சையாக இருக்கும். இவர்கள் மேளத்தோடு போவார்கள். கண்டிக்குப் போக பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கழிப்பறைக்கு எதிரே உள்ள வாங்குப் பலகையில் உட்கார்ந்து நான் இதையெல்லாம் பார்ப்பேன். ஓய்வூதியத்தில் கிடைக்கிற பொழுதுபோக்கு.

போன மாதம் ஒரு நாள் அங்கே உட்கார்ந்திருந்தேன். முதலாளி வந்தார். பேக்கரி மகன்களிடம் போய்விட்டது, சீனி வியாதி அவரிடம் தங்கிவிட்டது. மதிலோரம் நின்று ஏதோ ஒரு புதிய அரங்குப் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், பாதியில் விட்டுவிட்டு அவசரமாக நடந்து வந்தார்.

"உள்ள ஆள் இருக்கு" என்றார் அக்கா, கதிரையை விட்டு எழும்பாமல்.

கதவு திறந்து கிடந்தது. காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே பீங்கான் பளபளவென்று தெரிந்தது, அக்கா சுத்தமாக வைத்திருப்பார். முதலாளியும் பார்த்தார், மதிலோரம் நின்றவர்களும் பார்த்தார்கள்.

"யாரும் இல்லியே அக்கா?"

"இருக்கு. நில்லுங்க."

அவர் நின்றார். கால்களை ஒன்றோடு ஒன்று சேர்த்துக்கொண்டு நின்றார். அக்கா பஸ்கள் வரும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதில் பக்கமிருந்து மெல்லச் சிரிப்புக் கேட்டது. அவர்கள் தங்கள் ஆளைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள், எப்போதும் அப்படித்தான்.

முதலாளி வியர்த்த முகத்தோடு என்னிடம் திரும்பினார். "சேர், உங்களுக்குத் தெரியும். இதுக்கு எங்க கம்ப்ளைன்ட் பண்றது?"

பக்கத்தில் உட்காரச் சொன்னேன். உட்கார முடியாது என்றார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, முறைப்பாட்டை யாருக்கு முகவரியிட வேண்டும், யாருக்குப் பிரதி போக வேண்டும், சபை பதில் தராவிட்டால் மேலே எந்தப் படிக்குப் போக வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்து, ஒன்றையும் விடாமல், நிதானமாக விளக்கத் தொடங்கினேன்.